மைதானத்துக்கு முதுகு காட்டிய ஜி.எம்.

யாங்கோன் நகரத்தில் கால்பந்தைப் பார்க்காமலேயே கால்பந்தைப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஜி.எம். இதை அளந்துதான் சொல்கிறேன். லிஃப்ட் பராமரிப்பு என் வேலை. அளக்காமல் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. மூன்று வருடங்களில் எங்கள் டீம் ஆடிய ஆட்டங்களில் அவர் வராத ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அவர் பார்த்த ஆட்டமும் ஒன்றுகூட இல்லை.

ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். எதிர் அணியின் மாற்று ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே அதைப் போடுவார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார். பெஞ்சில் இருப்பவர்களுக்கு முதல் பத்து நிமிடம் சிரிப்பு வரும். பிறகு சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அரைமணி நேரத்தில் ஒருவராவது இடம் மாறி உட்காருவார்.

"அங்கிள், ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது" என்று முதல் நாள் நான் சொல்லிப் பார்த்தேன்.

"நடக்கட்டும்மா. ஆடுறவனத்தான் ஊரே பாக்குதே. ஆடாம உக்காந்திருக்கறவன யாரு பாக்குறா? நமக்குக் குடுக்கப்போறது அவனைத்தானே."

அவருடைய உண்மைப் பெயர் சர்ச் ரிஜிஸ்டரில் இருக்கலாம். க்யிம்யிண்டைங் படகுத்துறையில், வெங்காயமும் வாழைத்தாரும் வந்து இறங்கும் ஒரு கிடங்கில் அவர் எடை பார்க்கும் கிளார்க். கிடங்கில் ஜன்னல் உள்ள இடம் ஒன்றுதான். அதற்கு மேலே, எப்போதோ போய்விட்ட ஒரு முதலாளி காலத்து 'ஜெனரல் மேனேஜர்' பலகை ஒன்று இருந்தது. திருகாணிகள் துருப்பிடித்துப் போனதால் அதைக் கழற்ற முடியவில்லை. காற்றுக்காக இவர் தராசை ஜன்னலோரம் நகர்த்தினார். அன்று முதல் ஜி.எம். ஆனார். பட்டம் கிடைத்த பிறகு நிர்வாகம் செய்ய ஏதாவது வேண்டுமே என்று தேடியிருக்கிறார். எங்கள் தெருவின் கீழ் பிளாக் கால்பந்து டீம் அகப்பட்டது.

கியாக்டடாவில் எங்கள் தெரு மூன்று துண்டு: கீழ் பிளாக், நடு பிளாக், மேல் பிளாக். ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர் ஆடும் ஒரு டீம். பக்கத்துத் தெருக்களில் மூன்று. மொத்தம் ஆறு. இந்த ஆறு டீம்களிலும் ஆட்களைக் காசுக்கு வாங்கும் வழக்கம் இல்லை, மாற்றிக்கொள்வதுதான். இரண்டு பக்கத்து மேனேஜர்களும் டீக்கடையில் உட்கார்ந்து, மேசைமேல் சும்மா வைத்திருக்கும் வெறுந்தேநீர்க் கெண்டியிலிருந்து ஒருவருக்கொருவர் ஊற்றிக் குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மாற்றமுடியாது.

ஜி.எம். குடித்த தேநீருக்குக் கணக்கில்லை. ஒரு டிஃபென்டரைக் கொடுத்து அரை வலை வாங்கினார். மீதி அரை வலைக்கு அடுத்த வருடம் இன்னொரு டிஃபென்டர் போனார். இன்சீன் போகும் வட்ட ரயிலில் ஒருநாள், ஓடும் வண்டியில் இரண்டு மீன்கூடைகளோடு ஏறி ஒரு மீனைக்கூடச் சிந்தாத ஆளைப் பார்த்தார். மறுவாரமே அவர் எங்கள் வலது விங். ஒருமுறை இடைவேளையில் தேநீர் குடித்துவிட்டதால், முதல் பாதியில் எங்களுக்காக ஒரு கோல் போட்டவர் இரண்டாம் பாதியில் எங்களுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். இரண்டுக்கும் கை தட்டினோம். எங்கள் ஆள் என்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

முதலில் வேடிக்கை பார்க்க வந்த நான் இப்போது டீமின் செயலாளர். பந்து உதைக்கத் தெரியாது; பட்டியல் போடத் தெரியும். ஆனால் நான் சேர்ந்தது பட்டியலுக்காக அல்ல, என் தம்பி டேனியலுக்காக.

அவன் படிப்பு பாதியில் நின்றது. கூட்டாளிகள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். டேனியல் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் பின்னறைக்குள் போய்ப் படுத்தான். ஒன்பது மாதம் தெருவில் இறங்கவில்லை. பேச்சும் மூன்று வார்த்தைக்குச் சுருங்கியது: 'வேணாம்', 'சரி', 'அப்புறம்'. எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப்போடும் பையோடும். ரொட்டி, காய், சோப்பு எல்லாம் அதில்தான் மேலே வரும். டேனியலுக்கு அந்தக் கயிறே போதுமாயிருந்தது.

ஒருநாள் கயிறு அறுந்தது. "கீழ போய் வாங்கிட்டு வாடா" என்றாள் அம்மா. "அப்புறம்" என்றான். ரொட்டிக்காரர் பொறுமையிழந்து பொட்டலத்தை மேலே எறிந்தார். வலது கையில் இருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பால்கனியிலிருந்தே இடது கையால் அதைப் பிடித்தான் டேனியல். அதன்பின் கயிற்றைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. தினமும் எறிந்தார், தினமும் பிடித்தான்.

தற்செயலாக அந்த வழியே போன ஜி.எம். நின்றுவிட்டார். இரண்டு நாள் காலையில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் தானே எறிந்தார். முதலில் ஒரு வெங்காயம். அடுத்து ஒரு எலுமிச்சை. கடைசியில் தன் கால் செருப்பு ஒன்று. மூன்றும் பிடிபட்டன.

டேனியல் செருப்பைத் திருப்பி எறியக் கையை ஓங்கினான்.

"எறியாத தம்பி, வார் அறுந்துடும். கொண்டாந்து குடு."

அவன் யோசித்தான். தெருவில் ஒரு பெரியவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக என் தம்பி படியிறங்கியது ஒரு ஒற்றைச் செருப்பைக் கொடுக்கத்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஜி.எம். நேராக மாடிக்கு வந்து அம்மாவிடம் பேரம் பேசினார். "சிஸ்டர், உங்க பிள்ளைய எனக்குக் குடுங்க. கோல்கீப்பர்."

"அவன் சும்மாதான் கெடக்கான், கூட்டிட்டுப் போங்க" என்றாள் அம்மா.

"சும்மா எடுக்க மாட்டேன். அது முறை இல்ல. பதிலுக்கு என்ன வேணும்?"

அப்போது கரண்ட் நேரம் மாறி மாறி வந்ததால் தண்ணீர் மோட்டார் ஓடுவதில்லை. தண்ணீர் தூக்க ஆள் வேண்டும் என்று அம்மா சும்மா சொல்லிப் பார்த்தாள். மறுநாள் காலையிலிருந்து, ரிசர்வில் இருந்த லெஃப்ட் பேக் தினமும் இரண்டு வாளித் தண்ணீரை இரண்டாம் மாடிக்குச் சுமந்தார். அந்தப் பேரத்தில் தான்தான் ஜெயித்ததாக அம்மா இன்றுவரை நம்புகிறாள்.

டேனியல் வாரத்தில் நான்கு நாள் காலையில் வெளியே போனான். வியர்வையோடு வந்தான். இரண்டாம் தடவை சோறு கேட்டான். நான் இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்தேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் ஆடும் இடம் க்யிம்யிண்டைங்கில் மூடிக்கிடக்கும் ஓர் அரிசி மில்லின் சிமெண்ட் களம். முன்பு நெல் காயப்போட்ட இடம். மில் காவலர் காலை நேரத்தை நான்கு டீமுக்குத்தான் பிரித்துக் கொடுப்பார். ஆறு டீமில் கடைசி இரண்டு இடம் வந்தவர்களுக்கு ஒரு வருடம் களம் கிடையாது. களம் இல்லாத டீம் இரண்டு மாதம்கூடத் தாங்காது. முன்பு அப்படி மூன்று டீம் கலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த வருடம் எங்கள் இடம் நான்கு. பின்னால் வந்த டீம் இரண்டு புள்ளி தூரத்தில். நாங்கள் ஐந்துக்கு இறங்கினால் டீம் போகும். டீம் போனால் டேனியல் மறுபடி பின்னறைக்குப் போவான்.

அந்த நேரத்தில்தான், மூன்று ஆட்டமே மீதியிருக்கும்போது, ஜி.எம். மேல் பிளாக்கோடு தேநீர் குடித்தார். கொடுத்தது கோ ஸோவை. எங்கள் கோல்களில் முக்கால் பங்கு போட்டவர், தலைமுடியை மஞ்சளாக்கியவர், அவர் பெயர் எழுதிய பனியன் தெருவில் பதினோரு பேரிடம் இருந்தது. வாங்கியது இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலைபார்க்கும் தங்கராஜை. வயது நாற்பது. இரண்டு வருடமாக மேல் பிளாக் பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. மேல் பிளாக் மேனேஜரே நம்பாமல் மூன்று முறை கேட்டிருக்கிறார். பிறகு மனசாட்சி உறுத்தி, கேட்காமலே இரண்டு கார்னர் கொடிகளையும் சேர்த்துக் கொடுத்தாராம்.

தெரு கொதித்தது. ரசிகர்களின் தலைவி, மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் டாவ் செல்வி. பர்மியில் பெரிய அம்மாக்கள் 'டாவ்', என் வயதுப் பெண்கள் 'மா'. அப்பா தமிழர், அம்மா பர்மியர். திட்டுவதற்கு இரண்டு மொழியும் பத்தாது என்பார்.

"அந்த ஆளுக்கு மூளையக் கொசு கடிச்சிருச்சு மா எஸ்தர். நீ செயலாளர்தானே, எழுதிக்க. இன்னைலேருந்து அவருக்கு மொஹிங்கா உண்டு. சுரைக்காய் பஜ்ஜி கிடையாது."

"முட்டை?"

"அதுவும் கிடையாது. வெறும் குழம்பு நூடுல்ஸ். குடிச்சிட்டுப் போகட்டும்."

எனக்கும் கோபம். என் பட்டியலின்படி அது எங்கள் வரலாற்றிலேயே மோசமான மாற்று. பட்டியலை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். ஜி.எம். வாழைத்தார் எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

"கோ ஸோ இல்லாம யாரு அங்கிள் கோல் போடுறது?"

"யாரும் போட வேணாம்."

"அப்புறம் எப்படி ஜெயிக்கிறது?"

"ஜெயிக்கச் சொல்லி யாரு கேட்டா? நாலாவது எடம் போதும். அதுக்குக் கோல் விழாம இருந்தாச் சரி." ஒரு தாரை இறக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ கோல் எழுதுற. கோல் விழுந்ததும் யாரு யார்கிட்ட என்ன சொன்னான்னு எழுதுறியா?"

"இல்ல."

"நான் அதைக் கேட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன். முதுகுக்குக் கண்ணு இல்ல, காது உண்டு. ஒவ்வொரு கோல் விழும்போதும் கோ ஸோ உன் தம்பிகிட்ட வர்றான். 'நீ போய் ரூமுக்குள்ளயே படு'ங்கறான். முந்தி உன் தம்பி 'லெஃப்ட்', 'ரைட்'னாவது கத்துவான். மூணு ஆட்டமா அவன் சத்தமே இல்ல."

நான் பட்டியலைப் பார்த்தேன். அந்த மூன்று வாரமும் டேனியல் காலையில் வயிற்றுவலி என்றான். தேதிகூட எழுதியிருந்தேன். 'வயிற்றுவலி' என்றே எழுதியிருந்தேன்.

"கோல் போட எவனாவது கிடைப்பான்" என்றார் ஜி.எம். "அந்தப் பயலை அந்த ரூம்லேருந்து ரெண்டாம் தரம் எறக்க எங்கிட்ட வேற வழி இல்லம்மா. இருக்கறது இந்த ஒரு ஜோடிச் செருப்பு."

"சரி, தங்கராஜ் அங்கிள் எதுக்கு?"

"அவன் வாய்க்கு. ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்து பாக்குறேன். ஒரு நிமிஷம் மூடினதில்ல."

பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. தங்கராஜ் அங்கிளால் ஓட முடியாது. திரும்புவதற்கே சற்று நேரம் வேண்டும். ஆனால் டேனியலுக்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டு ஆட்டம் முழுவதும் பேசினார், அதுவும் முழுக்கத் தமிழில்.

"தம்பி, செவப்புச் சட்டை ஒருத்தன் வர்றான். மூஞ்சியப் பாத்தா காலைல சாப்பிடல. அவன் அடிக்க மாட்டான், விடு. பின்னால குட்டையா ஒருத்தன், அவன்மேல கண்ணு வையி. நேத்து எங்க வீட்ல என்ன கொழம்பு தெரியுமா?"

"அங்கிள், பந்து."

"வரட்டும், நம்மகிட்டதானே வருது. கருவாட்டுக் கொழம்பு."

முதல் ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கோல் விழுந்ததும் தங்கராஜ் அங்கிள் டேனியலிடம் போனார். நான் எழுந்து நின்றேன். "அது என் தப்பு. காலு சொன்ன பேச்சு கேக்கல. நீ சரியாத்தான் நின்ன" என்றார். பிறகு அந்தக் கோலைப் பற்றிப் பஸ்ஸிலும் பேசினார். டேனியல் மறுத்துப் பேசினான். எங்கள் மாடிப்படிவரை சண்டை வந்தது. வாசலில் நின்று கேட்ட அம்மா, யாராவது பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து இரண்டு பேருக்கும் டீ கொடுத்தாள்.

இரண்டாவது ஆட்டம் சமன். பின்னால் வந்த டீம் தன் கடைசி ஆட்டத்தில் ஜெயித்து முடித்துவிட்டது. எங்களுக்குக் கடைசி ஆட்டத்தில் ஒரு சமன் தேவை. எதிரே மேல் பிளாக், மஞ்சள் தலையோடு கோ ஸோ.

அன்று அம்மாவும் வந்தாள். டாவ் செல்வி கடையை மூடிவிட்டுப் பெரிய பாத்திரத்தோடு வந்தார். "ஜெயிச்சா எல்லாருக்கும். தோத்தா அந்த ஆள் தலையில ஊத்த" என்றார். ஜி.எம். அதைக் கேட்டும் கேளாதவர்போல் நாற்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

முதல் பாதி கோல் இல்லாமல் போனது. இரண்டாம் பாதி தொடங்கியதும் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. தங்கராஜ் அங்கிளின் தொண்டை கட்டிவிட்டது. காலை ரயிலில் இன்சீனிலிருந்து வரும்வரை யாரோடோ உட்காரும் இடத்துக்காக வாதாடியிருக்கிறார். மீதியை முதல் பாதியில் செலவழித்துவிட்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. களம் திடீரென்று அமைதியானது. சிவப்பு நாற்காலியில் ஜி.எம்.மின் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். அவர் தலை பாதி திரும்பி, பாதியிலேயே நின்றது.

கடைசி நிமிடங்களில் கோ ஸோ பந்தோடு நடுவில் வந்தார். முன்னால் தங்கராஜ் அங்கிள் மட்டும். "என்ன, ரூமுக்குப் போகலயா?" என்று கோ ஸோ சிரித்தது எனக்கே கேட்டது.

"தங்கராஜ் அங்கிள்," என்று ஒரு குரல் வந்தது. யாருடையது என்று தெரிய எனக்கு ஒரு கணம் ஆனது. "அவன் வலது காலை மறைங்க. அந்தப் பக்கம் விடாதீங்க. அவனுக்கு இடது கால் வெறும் நிக்கறதுக்குத்தான். வரட்டும், நான் பாத்துக்கறேன்."

ஒரு வருடத்துக்கும் மேலாக என் தம்பி மூச்சுவிடாமல் பேசிய மிக நீளமான பேச்சு அது. தங்கராஜ் அங்கிள் வலதுபுறம் போய்ச் சுவர்போல நின்றார். வேறு வழியில்லாமல் கோ ஸோ இடது காலால் அடித்தார். ரொட்டிப் பொட்டலமே அதைவிட வேகமாக வரும். டேனியல் குனிந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். விசில் ஊதப்பட்டது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவரைக் கதவைத் திறந்து வெளியே விடும்போது, அவர் முதல் காலைத் தரையில் வைக்கும் கணத்தில் எனக்கு ஒரு மூச்சு வரும். அதே மூச்சு வந்தது. அம்மா என் கையை எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. விட்டபோது நகத்தடம் நான்கு இருந்தது.

ஜி.எம். நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கோர் என்ன மா எஸ்தர்?"

"சைபர், சைபர் அங்கிள்."

"நல்ல ஸ்கோரு."

அதன்பின் எங்கள் தெருவில் அந்த மாற்றை எதிர்த்த ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. எல்லாரும் முதல் நாளே புரிந்துகொண்டிருந்தார்களாம். மொஹிங்கா கடையில் தினமும் ஆராய்ச்சி. அரை வலைக்கு டிஃபென்டரைக் கொடுத்ததில் எவ்வளவு தொலைநோக்கு, மீன்கூடைக்காரரை எடுத்ததில் எவ்வளவு ஞானம் என்று பேசித் தீரவில்லை. கோ ஸோ பெயர் போட்ட பதினோரு பனியன்களும் தரை துடைக்கப் போயின. டாவ் செல்வி ஜி.எம். கிண்ணத்தில் ஏழு பஜ்ஜி போட்டார், இரண்டு முட்டையோடு.

"எதுக்கு இவ்வளவு?" என்றார் ஜி.எம்.

"பேசாமச் சாப்பிடுங்க. நான் உங்கள நம்பாம இருந்ததே இல்ல."

போன மாதம் இன்சீனிலிருந்து செயலாளர் என்ற முறையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு டீம் எங்களிடம் ஒரு மாற்று கேட்டது. அவர்கள் தருவது: ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர், புது இரும்புக் கோல் போஸ்ட் ஒரு ஜோடி, முழு வலை இரண்டு. கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் ஜி.எம்.மை.

கூட்டம் போட்டோம். போஸ்ட் வந்தால் நல்லதுதான் என்று யாரோ ஆரம்பித்தார்கள். "அவரக் குடுத்தா நான் ஆட மாட்டேன்" என்றான் டேனியல். "நானும்" என்றார் தங்கராஜ் அங்கிள். பிறகு அதையே பத்து நிமிடம் விளக்கினார். இரண்டே வார்த்தையில் பதில் எழுதினேன்: 'கொடுப்பதற்கு இல்லை.' டேனியல் அதை வாங்கிப் படித்துவிட்டு, அடியில் ஒரு கோடு போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வட்ட ரயில் ஏறினான்.

விஷயம் தெரிந்ததும் ஜி.எம். எங்கள்மேல் கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடியேறி வந்து என்னைப் பிடித்தார்.

"உனக்குப் படிப்பு இருக்கே, அறிவு வேணாமா? ஸ்ட்ரைக்கர், ரெண்டு போஸ்ட், ரெண்டு முழு வலை. ஒரு கிழவனுக்கு. நானா இருந்தா அந்த எடத்துலயே டீயக் குடிச்சிருப்பேன்."

ஆறு டீம்களில் எந்த ஆளின் மதிப்பையும் பெஞ்சில் பார்த்தே சொல்லிவிடுபவர் அவர். ஒரே ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் அவர் தராசு சரியில்லை.